பருப்பு ஏன் வேகவில்லை?

தஞ்சாவூர்ப் பக்கத்து மளிகைக் கடையில் அரிசி வாங்க வருபவர், "பழசுதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் விலையைக் கேட்பார். அவரே துவரம்பருப்பு வாங்கும்போது, "புதுசுதானே?" என்பார். ஒரே கிடங்கில் ஒரே வெயிலையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு கிடந்த சரக்குகள் இரண்டும். வயது ஏற ஏற ஒன்றுக்கு மதிப்பு கூடுகிறது, மற்றதற்குக் குறைகிறது. பழைய அரிசி குழையாமல் பருக்கை பருக்கையாக வடிகிறது. பழைய பருப்போ எத்தனை விசில் விட்டாலும் மசியாமல் நறநறவென்று நிற்கிறது.

இரண்டிலும் நாள்பட நாள்பட உட்கட்டு இறுகிவிடுகிறது. தண்ணீரும் சூடும் அதை லேசில் நெகிழ்த்த முடிவதில்லை. இறுகும் விதம்தான் வேறு வேறு. சோறு உதிரியாக விழ அந்த இறுக்கம் வேண்டும். பருப்பு கரைந்து குழம்பாக அது இருக்கவே கூடாது.

காவிரி டெல்டா வீடுகளில் அரைத்துவிட்ட சாம்பார் வைக்கும் வரிசை எல்லாருக்கும் தெரிந்ததுதான். துவரம்பருப்பைக் கழுவி, மஞ்சள்தூள் போட்டு, ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுத் தனியாக வேகவைப்பார்கள். இன்னொரு அடுப்பில் புளியைக் கரைத்து, உப்பும் காயும் போட்டு, பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுவார்கள். தனியா, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், துளி வெந்தயம் இவற்றை வறுத்துத் தேங்காயோடு அரைத்து வைத்திருப்பார்கள். பருப்பு நன்றாக மசிந்த பிறகுதான் புளித் தண்ணீரில் சேரும். அரைத்த விழுது கடைசியில். ஒரு கொதி வந்ததும் இறக்கித் தாளித்துக் கொட்டிவிடுவார்கள்.

அம்மாவிடமிருந்து மகளுக்குக் கைமாறி வந்த இந்த வரிசையில் ஒவ்வொரு படிக்கும் வேதியியல் காரணம் இருக்கிறது. ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறு ஒன்று. இந்த வரிசையைத் துளியும் பிசகாமல் செய்தும் பருப்பு வேகாத நாள் உண்டு. அன்றைக்குப் பழி சமைத்தவர் தலையில்தான் விழும். பெரும்பாலும் குறை அவர் கையில் இருப்பதில்லை. தண்ணீரிலும் மூட்டையிலும் இருக்கிறது.

தோல் நீக்கி உடைத்த துவரை என்பது விதையின் இரண்டு வித்திலைகளில் ஒன்று. முளைக்கப்போகும் செடிக்காகத் தாய்ச்செடி கட்டி வைத்த சாப்பாடு அது. நூறு கிராமில் சுமார் 22 கிராம் புரதம். பாதிக்கு மேல் மாவுச்சத்தும் அதன் வகையறாவும். இவையெல்லாம் லட்சக்கணக்கான நுண்ணிய செல்களுக்குள் அடைபட்டிருக்கின்றன. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து இருப்பதைப்போல, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே பெக்டின் என்ற பொருள் பூசப்பட்டிருக்கிறது.

பருப்பு வேகும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. செல்லுக்குள் இருக்கும் மாவுச்சத்து 70 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே தண்ணீரை உறிஞ்சி வீங்கிவிடும். அதில் சிக்கல் கிடையாது. நேரம் பிடிப்பது இரண்டாவது காரியம்: பெக்டின் அறுந்து கரைய வேண்டும். கரைந்தால்தான் செல்கள் ஒன்றையொன்று விட்டு விலகும். வெந்த பருப்பை விரலுக்கிடையே நசுக்கினால் வழவழவென்று மாவாகிறதே, அதற்குக் காரணம் செல்கள் உடைந்தது இல்லை, தனித்தனியாகப் பிரிந்ததுதான். அரைவேக்காட்டுப் பருப்பு ஒன்றைக் கரண்டியில் எடுத்து நகத்தால் இரண்டாகக் கிள்ளிப் பாருங்கள். ஓரமெல்லாம் மஞ்சளாகப் பளபளக்கும், நடுவில் மட்டும் வெளுத்த, உலர்ந்த கரு ஒன்று தெரியும். தண்ணீர் இன்னும் அங்கே முழுதாகப் போய்ச் சேரவில்லை. நாக்கில் நெருடுவது அந்தக் கருதான்.

பெக்டின் நீளமான சங்கிலி மூலக்கூறு. அதன் உடம்பு நெடுக எதிர்மின்னேற்றம் கொண்ட இடங்கள் இருக்கின்றன. கால்சியம் அயனிக்கு இரண்டு நேர்மின்னேற்றம். ஆகவே ஒரே கால்சியம் அயனி, பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு பெக்டின் சங்கிலிகளைச் சேர்த்துப் பிணைத்துவிடும். மெக்னீசியமும் ஓரளவு இதையே செய்யும். பிணைப்புகள் கூடக்கூட பெக்டின் கரைவது கடினமாகிறது. பருப்பு வேகாததற்குப் பின்னால் இருக்கும் முதல் ஆள் கால்சியம்.

அது எங்கிருந்து வருகிறது? ஒன்று, அடுப்பில் வைக்கும் தண்ணீரிலிருந்து. ஆற்றுத் தண்ணீர் ஓடுகிற தண்ணீர், பெரும்பகுதி மழைநீர்தான். நிலத்துக்கடியில் வருஷக்கணக்கில் மண்ணோடும் பாறையோடும் ஊறிக் கிடந்த நீரில் கால்சியமும் மெக்னீசியமும் கூடுதலாகக் கரைந்திருக்கும். டெல்டாவின் கடலோரத்தில், நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கமெல்லாம், நிலத்தடி நீரில் கடலின் உப்பும் சேர்ந்துகொள்கிறது; அதனால்தான் அந்த ஊர்களுக்குக் கொள்ளிடத்திலிருந்து குழாய் வைத்துக் குடிநீர் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம் என்று இடம் கொடுக்கிறது. 600 இருக்கும் தண்ணீரைக் குடிக்கலாம்தான். அதில் பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த எண்ணின் கனம் தெரியும். "போர் தண்ணியில பருப்பு வேகாது" என்று ஊரில் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று அறியக் கருவி வேண்டாம். சோப்பு நுரைக்க மறுக்கிறதா, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறதா என்று பார்த்தால் போதும். சோப்பைத் திரிய வைப்பதும், அடியில் படிவதும், பருப்பை இறுக்குவதும் அதே கால்சியமும் மெக்னீசியமும்தான். அந்த வெள்ளைப் படிவிலேயே ஒரு வழியும் இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கால்சியத்தின் ஒரு பங்கு சுண்ணாம்பாக அடியில் தங்கிவிடும். முந்தின இரவே கொதிக்கவைத்து ஆறவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து அதில் பருப்பைப் போட்டால் வித்தியாசம் தெரியும். கொதிக்கவைத்தும் போகாத கடினத்தன்மையும் உண்டு. அதற்கு மழைத் தண்ணீர்தான் மருந்து. தமிழ்நாட்டில் 2003-இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டச் சொன்னார்கள். மழைநீரைத் தொட்டியில் பிடித்து, கூரையையும் தொட்டியையும் சுத்தமாக வைத்திருந்து, அதில் ஒரு குடத்தைப் பருப்புக்கென்று எடுத்துவைக்கும் வீட்டில் அடுப்பெரியும் நேரம் மிச்சம். அதுவும் இல்லையென்றால் குடிப்பதற்கு வாங்கும் கேன் தண்ணீரில் இரண்டு டம்ளர் போதும்.

இனி மூட்டைக்கு வருவோம். பருப்புக்குள்ளேயே கால்சியம் இருக்கிறது. புதுப் பருப்பில் அது தொல்லை தராது. ஃபைட்டிக் அமிலம் என்ற பொருள் அதைக் கட்டி வைத்திருக்கும். விதை தனக்கு வேண்டிய பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் உருவம் அது. சூடும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் பருப்பு மாதக்கணக்கில் கிடந்தால், ஃபைட்டேஸ் என்ற நொதி அந்த அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. அவிழ்ந்துவிட்ட கால்சியமும் மெக்னீசியமும் நேரே பெக்டினிடம் போய்ச் சேருகின்றன. வெளியில் பார்க்க அதே நிறம், அதே பளபளப்பு. உள்ளே பிணைப்பு இறுகிவிட்டது. உணவு அறிவியலார் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். ஃபீனாலிக் பொருள்களும் செல்சுவரை இறுக்குவதில் பங்கெடுக்கின்றன என்பது அவர்கள் கருத்து. ஒருமுறை முற்றிலும் இறுகிய பருப்பை ஊறவைத்துக்கூட முழுதாக மீட்க முடியாது.

டெல்டாவுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்றால், டெல்டா தன் துவரையைத் தான் விளைவிப்பதில்லை. வேரில் தண்ணீர் தேங்குவதைத் துவரை தாங்காது. ஆடியிலிருந்து தை வரை தண்ணீர் நிற்கும் களிமண் வயலில் அதற்கு இடமில்லை. வரப்பில் நட்டால் உண்டு. எனவே துவரம்பருப்பு கர்நாடகத்தின் கலபுரகியிலிருந்தும் மகாராஷ்டிரத்தின் லாத்தூர்ப் பக்கமிருந்தும் லாரியில் வருகிறது. மியான்மரிலிருந்தும் மொசாம்பிக், தான்சானியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. நம் நாட்டுத் துவரை ஆடியை ஒட்டி விதைத்து மார்கழி, தையில் அறுப்பது. அப்படியானால் தீபாவளிக்கு வாங்கும் பருப்பு பெரும்பாலும் முந்தின தையில் விளைந்தது. கோடை முழுக்கக் கிடங்கில் வெந்து, ஐப்பசி மழையின் ஈரத்தையும் வாங்கிக்கொண்ட பருப்பு அது. பயணமும் காத்திருப்பும் சேர்ந்த அந்தப் பத்து மாதம் கண்ணுக்குத் தெரியாது, குக்கருக்குத் தெரியும்.

உடைத்த விதமும் கணக்கில் வரும். முன்பு துவரையை ஊறவைத்து, செம்மண் குழைத்துப் பூசி, வெயிலில் காயவைத்து, திரிகையில் உடைத்தார்கள். அப்படி நனைத்து உடைத்த பருப்புக்குச் சுவை கூடுதல் என்பார்கள். வேக நேரமும் கூடுதல். ஆலையில் எண்ணெய் தடவி உலர உடைத்த பருப்பு சீக்கிரம் வேகும். ஆகவே ஒரு கடைப் பருப்பு பத்து நிமிஷத்திலும் இன்னொரு கடைப் பருப்பு இருபது நிமிஷத்திலும் வெந்தால், அதில் யாருடைய சாமர்த்தியமும் இல்லை, யாருடைய குற்றமும் இல்லை.

கால்சியத்துக்கு அடுத்த ஆள் புளி. சூட்டில் பெக்டின் சங்கிலி அறுவதற்கு ஒரு வேதிவினை இருக்கிறது. அது நடுநிலையான நீரில் ஒழுங்காக நடக்கும், காரநீரில் வேகமாக நடக்கும், அமிலநீரில் மிக மந்தமாகிவிடும். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். கெட்டியாகக் கரைத்த புளித் தண்ணீரின் பி.எச். அளவு 3-ஐ ஒட்டியே இருக்கும். அதில் வேகாத பருப்பைப் போட்டால் பெக்டின் அறுவது ஏறத்தாழ நின்றேபோகும். பருப்பு தனியே, புளி தனியே என்ற விதிக்கு முழுக்காரணம் இதுதான். தக்காளியில் சிட்ரிக் அமிலம், புளியைவிட மென்மையானது. அதனால் பருப்போடு ஒரு தக்காளியைச் சேர்த்துக் குக்கரில் வைத்தால் தாமதம் கொஞ்சம்தான். புதுப் பருப்பாக இருந்தால் தெரியாமலே போகலாம். பழைய பருப்போடு தக்காளியும் போர் தண்ணீரும் சேர்ந்தால் அன்று சாம்பாரின் கதை முடிந்தது.

வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் ஒரு விடுமுறை நாளில் இதைச் செய்து காட்டுங்கள். ஒரே பருப்பை மூன்று சின்னப் பாத்திரங்களில் ஒரே அளவு போட்டு, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, மூன்றிலும் சிட்டிகை மஞ்சள்தூள் போடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் கரைத்த புளி. மூன்றாவதில் கால் டீஸ்பூன் ஆப்பச்சோடா. ஒரே சூட்டில் மூன்றையும் கொதிக்கவிட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றிலும் ஒரு பருப்பை எடுத்துக் கிள்ளிப் பார்க்க வேண்டும். சோடா போட்டது முதலில் கரையும். வெறும் தண்ணீரில் கிடந்தது அதற்குப் பின். புளித் தண்ணீரில் கிடந்தது, மற்ற இரண்டும் குழைந்த பிறகும் முழுசு முழுசாக மிதந்துகொண்டிருக்கும். நிறத்தையும் கவனியுங்கள். புளிப் பாத்திரத்தில் மஞ்சள் நல்ல மஞ்சளாகவே இருக்கும். சோடாப் பாத்திரத்தில் செம்பழுப்பை நோக்கிச் சாயும். மஞ்சளின் குர்குமின் காரத்தைத் தொட்டால் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தித் தட்டு சிவப்பதும் இதே வினைதான்.

சோடா இவ்வளவு சீக்கிரம் வேகவைக்கிறதே, அதையே போட்டுவிடலாமே என்று தோன்றும். போட வேண்டாம் என்பதே என் கருத்து. காரத்தில் பருப்பின் தயமின், அதாவது வைட்டமின் பி1, சூட்டோடு சேர்ந்து வேகமாக அழிகிறது. நெல்லைத் தீட்டித் தீட்டிச் சாப்பிடும் ஊரில் அரிசித் தவிட்டோடு போன தயமினை ஈடுகட்டுவதில் பருப்புக்குப் பங்குண்டு. அதையும் சோடாவுக்குக் கொடுத்துவிட்டு என்ன மிச்சம்? சுவையிலும் வழவழப்பான ஒரு சவர்க்கார நெடி ஏறும்.

ஒரு சொட்டு எண்ணெய்க்கு வேறு வேலை. பருப்பிலிருந்து கரைந்துவரும் சப்போனின்களும் புரதமும் குமிழிகளைச் சுற்றிப் படலம் கட்டுவதால்தான் பருப்புத் தண்ணீர் நுரைத்துப் பொங்குகிறது. எண்ணெய் அந்தப் படலத்தை அறுத்துவிடும். பொங்காததால் மூடிவைத்து நிதானமாக வேகவைக்க முடிகிறது. குக்கரின் வால்வில் நுரை அடைக்காது. பெக்டினை எண்ணெய் ஒன்றும் செய்வதில்லை. உப்பைப் பற்றி ஒரு தவறான அச்சம் உண்டு. சமையல் உப்பிலுள்ள சோடியத்துக்கு ஒரே ஒரு மின்னேற்றம்தான். அதனால் இரண்டு சங்கிலிகளைப் பிணைக்க முடியாது. மாறாக, கால்சியம் உட்கார்ந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டு பிணைப்பைத் தளர்த்தும். ஊறவைக்கும் தண்ணீரில் சிறிது உப்புப் போடுவது பருப்பு வேக உதவியே செய்யும். "உப்புத் தண்ணியில வேகாது" என்பது கிணற்று நீரின் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் குறித்துச் சொன்னது. உப்பு ஜாடியைக் குறித்து இல்லை.

குக்கர் இந்தச் சிக்கலைச் சூட்டால் வெல்கிறது. தஞ்சாவூர் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 60 மீட்டர் உயரம். தண்ணீர் ஏறத்தாழ 100 டிகிரியிலேயே கொதிக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைப்பது பொறுமையைச் சோதிக்கும். குக்கருக்குள் அழுத்தம் ஏறினால் கொதிநிலை 120 டிகிரிவரை போகிறது. பத்து டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் இரட்டிப்பாகும் என்பது தோராயமான கணக்கு. இருபது டிகிரிக்கு நாலு மடங்கு. திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் எடுக்கும் பருப்பு கால் மணிக்குள் வெந்துவிடும். விசிலை எண்ணுவதைவிட, முதல் விசிலுக்குப் பிறகு தணலைக் குறைத்து நிமிஷத்தை எண்ணுவது சரி. விசில் என்பது அதிக அழுத்தம் வெளியேறும் சத்தம்தான். தீயைக் கூட்டி வைத்தால் ஐந்து விசில் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும். பெக்டினுக்கு அந்த நேரம் போதாது.

பருப்பைக் கெடுக்கும் அதே அமிலம் காய்க்கு நல்லது செய்கிறது. முருங்கைக்காயும் கத்தரிக்காயும் சின்ன வெங்காயமும் புளித் தண்ணீரில் கொதித்தும் குலையாமல் நிற்பதற்கு, அவற்றின் பெக்டினும் அமிலத்தில் மெதுவாகக் கரைவதே காரணம். வெண்டைக்காயின் கொழகொழப்பு புளியில் அடங்கும். நறுக்கிய கத்தரிக்காய் கருக்கவும் செய்யாது. புளிக்கு இன்னொரு குணமும் இருக்கிறது: செம்பையும் பித்தளையையும் கரைக்கும். பாத்திரம் தேய்க்கப் புளி பயன்படுவதும், ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்பதும் ஒரே உண்மையின் இரண்டு முகங்கள். குழம்புக்குக் கல்சட்டியும் ரசத்துக்கு ஈயச்சொம்பும் என்று பழைய சமையலறைகள் பிரித்து வைத்ததில் நியாயம் இருந்தது.

சாம்பார் பிறந்தது தஞ்சாவூர் அரண்மனையில் என்று ஒரு கதை ஊரெல்லாம் சொல்கிறார்கள். தஞ்சை மராட்டிய மன்னர் ஷாஹூஜியின் சமையலறையில், மராட்டியர் ஆம்ட்டி என்ற பருப்புக் குழம்புக்குப் போடும் கோகம் என்ற புளிப்புப் பழம் தீர்ந்துபோய், யாரோ புளியைப் போடச் சொன்னார்களாம். விருந்தாளியாக வந்த மராட்டிய அரசர் சாம்பாஜியின் பெயரையே குழம்புக்கு வைத்தார்களாம். ஏகோஜி வழியே மராட்டிய அரசகுலமான போன்ஸ்லேக்கள் 1670-களில் தஞ்சைக்கு வந்ததும், ஷாஹூஜி 1684 முதல் 1712 வரை ஆண்டதும், சாம்பாஜி 1689-இல் முகலாயரால் கொல்லப்பட்டதும் வரலாறு. மற்றது கர்ணபரம்பரை. கதையை நம்புவதற்கில்லை. ஆனாலும் கோகத்தின் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலத்துக்கும் புளியின் டார்டாரிக் அமிலத்துக்கும் பருப்பின்மீது ஒரே விளைவுதான். ஆம்ட்டி செய்பவரும் கோகத்தைப் பருப்பு வெந்த பிறகே சேர்ப்பார்.

சாம்பார் வரிசைக்குத் திரும்பினால், அரைத்த விழுதைக் கடைசியில் விடுவதற்குத் தேங்காயே காரணம். அரைத்த தேங்காயின் கொழுப்பு நுண்துளிகளாகப் புரதப் போர்வைக்குள் மிதக்கிறது. புளிப்பும் நீண்ட கொதியும் சேர்ந்தால் அந்தப் புரதம் திரண்டு, கொழுப்பு பிரிந்து எண்ணெயாக மேலே வந்துவிடும். ஒரு கொதியோடு நிறுத்தினால் குழம்பு சேர்ந்தாற்போல் இருக்கும். தாளிதத்தில் கடுகும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் எண்ணெயில் போவது, அவற்றின் மணப்பொருள்கள் எண்ணெயில் கரைபவை என்பதால்.

துவரைக்கு வெளியூரை நம்பியிருக்கும் டெல்டாவுக்குச் சொந்தமாக இரண்டு பருப்புகள் உண்டு: உளுந்தும் பாசிப்பயறும். சம்பா, தாளடி அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே, ஈரம் காயாத வயலில் விதையைத் தூவிவிடுவார்கள். உழவு இல்லை, தனிப் பாசனம் இல்லை. அறுத்த தாளுக்கு நடுவே மிச்ச ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து, எழுபது நாளை ஒட்டி, பங்குனி சித்திரையில் காய்ந்துவிடும். செடியைப் பிடுங்கினால் வேரில் சிறுசிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபினின் நிறம் அது. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியாவுக்கு அளந்து அளந்து ஆக்சிஜன் கொடுப்பது அதன் வேலை. நெல் எடுத்ததில் ஒரு பங்கை மண்ணுக்குத் திருப்பித் தரும் பயிர் இது. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இந்தச் சாகுபடிக்கென்றே உளுந்திலும் பயறிலும் தன் பெயரில் ரகங்களை வெளியிட்டிருக்கிறது. அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளைத்த உளுந்தை நசுக்கிவிடுவதால் இந்த வழக்கம் பல ஊர்களில் சுருங்கிவருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பாசிப்பயறு இருக்கும் ஊரில் அதற்கென்று ஒரு குழம்பும் இருக்கத்தானே செய்யும்? கும்பகோணம் கடப்பா. இட்லிக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ளும் இந்தக் குழம்பு கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி வட்டாரத்தைத் தாண்டினால் பலருக்குத் தெரியாது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து மசிந்த கலவையில், தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, கசகசா அரைத்த விழுதைச் சேர்த்து, பட்டை கிராம்பு தாளித்துக் கொதிக்கவிடுவார்கள். புளி கிடையாது. அதனால் பருப்பையும் கிழங்கையும் ஒரே பாத்திரத்தில் வேகவைக்க முடிகிறது. புளிப்பு வேண்டும், அதற்கு எலுமிச்சை. அதை அடுப்பை அணைத்த பிறகுதான் பிழிகிறார்கள். முன்பே பிழிந்தால் கிழங்கு வேகாமல் இழுக்கும், சாற்றின் மணமும் ஆவியோடு போகும், வைட்டமின் சியும் குறையும். சாம்பாரில் புளியைத் தனியடுப்பில் வைத்த அதே அறிவு, இங்கே எலுமிச்சையைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறது. பாசிப்பருப்பு துவரையைவிடச் சீக்கிரம் வேகும். உள்ளூரில் சித்திரையில் வந்த புதுப்பயறாக இருந்தால் குக்கரே வேண்டாம்.

பருப்பு வாயு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. பருப்பிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. அவை பெருங்குடல்வரை போய், அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகி வாயுவைத் தருகின்றன. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் அந்தச் சர்க்கரைகளில் ஒரு பங்கு அதோடு போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும். பெருங்காயம் அவற்றை உடைப்பதில்லை. குடலின் இறுக்கத்தைத் தளர்த்தும் என்ற நம்பிக்கையில்தான் சேர்க்கிறோம்.

அரிசியின் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் அது நிறைய. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது இருக்கிறது. சோற்றில் பருப்பைப் பிசைந்து ஊட்டும் தாய் குழந்தைக்கு முழுப் புரதம் கொடுக்கிறாள். இறைச்சியோ முட்டையோ தினமும் வாங்க முடியாத வீட்டில் இதன் அருமை சொல்லி முடியாது. 2007 முதல் ரேஷன் கடையில் மானிய விலையில் துவரம்பருப்பு கொடுக்கப்படுகிறது. அங்கே வரிசையில் நிற்பவர் "புதுசுதானே?" என்று கேட்க முடியாது. கொடுத்ததை வாங்கி, இருக்கிற தண்ணீரில், வாங்க முடிந்த எரிவாயுவில் வேகவைக்க வேண்டும். வேகாத பருப்பின் செலவு முழுவதும் அவர் தலையில்.

அரசுப் பள்ளிச் சமையலறைகளுக்கும் இது பொருந்தும். 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தது. 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகப்பட்டினம் மாவட்டத் திருக்குவளையில் காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுதும் விரிவாக்கினார்கள். அதிலும் உப்புமாவோடும் பொங்கலோடும் காய்கறிச் சாம்பார் உண்டு. குழந்தைகள் வருவதற்குள் பத்து, இருபது கிலோ அரிசிக்கு ஏற்ற பருப்பை மசிய வைக்க வேண்டிய பெண்களுக்கு, கடினமான தண்ணீரும் ஓராண்டு கிடந்த பருப்பும் எவ்வளவு பெரிய பாரம் என்று நினைத்துப் பாருங்கள். சமையலறைக்கு வரும் தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதிக்க ஒரு மாதிரிப் புட்டியும் சில நிமிஷங்களும் போதும். பருப்பு மூட்டையில் விளைச்சல் ஆண்டை அச்சிடுவதும் பெரிய செலவில்லை. உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் அடுத்த முறை நடக்கும்போது இந்த இரண்டையும் கேளுங்கள். தண்ணீர் கடினமாக இருந்தால், பருப்புக்கு மட்டுமாவது ஆற்றுக் குடிநீரோ மழைநீரோ கிடைக்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.